பிட்யூட்டரியின் கடிவாளம்

கட்லாவும் ரோகுவும் ஏரியில் நன்றாக வளரும். பருவம் வந்தால் பெண்மீனின் வயிறு முட்டையால் பருத்தும் நிற்கும். ஆனால் தேங்கிய தண்ணீரில் அது முட்டையிடாது. பருவம் கடந்ததும் முட்டைகள் உடலுக்குள்ளேயே கரைந்து போகும். பெருங்களத்தூரைச் சுற்றி பீர்க்கன்காரணை, இரும்புலியூர், முடிச்சூர் என்று எத்தனையோ ஏரிகள். இந்தப் பக்கத்து ஏரி எதில் கட்லாக் குஞ்சை விட்டாலும் கதை இதுதான். கங்கைச் சமவெளியின் வெள்ளப்பெருக்கில் இனம் பெருக்கிப் பழகிய மீன் அது. ஆண்டுதோறும் வெளியிலிருந்து குஞ்சு வாங்கி விட்டால்தான் ஏரியில் அந்த மீன் நிலைக்கும்.

முட்டை இருக்கிறது, தீனி இருக்கிறது, ஆண்மீனும் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு எது தடுக்கிறது? மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தன் ஹார்மோனை வெளியே விடுவதில்லை. அந்தச் சுரப்பியின் செல்களுக்கு 'விடு' என்று சொல்வது யார், 'விடாதே' என்று சொல்வது யார் என்பது இருபதாம் நூற்றாண்டு உடலியலின் பெரிய கேள்விகளில் ஒன்று. விடையின் சில பகுதிகள் நம் ஊருக்கு மிக அருகிலேயே கிடக்கின்றன. முட்டுக்காட்டின் மீன் பொரிப்பகத்தில், தாம்பரம் சானட்டோரியத்தின் வார்டுகளில், தெருமுனை மருந்துக் கடையின் நெஞ்செரிச்சல் மாத்திரையில்.

பள்ளிப் பாடத்தில் பிட்யூட்டரிக்குத் 'தலைமைச் சுரப்பி' என்று பெயர். பட்டாணி அளவு, ஏறத்தாழ அரை கிராம் எடை. தைராய்டு, அட்ரீனல், சூலகம், விந்தகம் எல்லாவற்றையும் அது இயக்குகிறது என்று படிக்கிறோம். தவறில்லை, ஆனால் பாதி உண்மை. பிட்யூட்டரி தானாக எதையும் முடிவு செய்வதில்லை. மேலே மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸிலிருந்து இறங்கும் ரசாயனக் குறிகளையும், கீழே உடலிலிருந்து ஏறிவரும் ஹார்மோன்களையும் கேட்டுக் கேட்டு நடக்கிற சுரப்பி அது. அந்தக் குறிகளில் ஏவும் குறிகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அடக்கும் குறிகளுக்கு அவற்றின் தகுதிக்கேற்ற கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

மூளைக்கும் பிட்யூட்டரியின் முன்பகுதிக்கும் இடையே நரம்புத் தொடர்பு அநேகமாக இல்லை. இருப்பது சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களின் பின்னல். அந்தப் போர்ட்டல் நாளங்களை 1930-ல் போபாவும் ஃபீல்டிங்கும் விவரித்தார்கள். ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதிலேயே முதலில் தகராறு இருந்தது. இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ்தான் அந்தக் குழாய் வழியே மூளை ரசாயனங்களை அனுப்புகிறது என்று வாதாடி நிறுவியவர். டோரா ஜேக்கப்சனோடு அவர் 1952-ல் வெளியிட்ட சோதனை எளிமையானது. எலியின் பிட்யூட்டரியை எடுத்து மூளையின் வேறோர் இடத்துக்குக் கீழே பதித்தால் அது செயலற்றுப் போகும். ஹைப்போதலாமஸுக்கு நேர் அடியில் பதித்து, நாளங்கள் மறுபடி வளர்ந்து இணைந்துவிட்டால், எலி குட்டிகூடப் போடும். சுரப்பி அதேதான், அதற்கு வந்து சேரும் ரத்தம்தான் வேறு.

அந்த ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க ரோஜர் கியுமனும் ஆண்ட்ரூ ஷாலியும் பல ஆண்டுகள் போட்டி போட்டார்கள். ஒருவர் இறைச்சிக் கூடங்களிலிருந்து ஆட்டு மூளைகளை, மற்றவர் பன்றி மூளைகளை, லட்சக்கணக்கில் வாங்கி அரைத்தார். கிடைத்ததோ மில்லிகிராம் கணக்கில். 1969-ல் மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட டி.ஆர்.எச். பிடிபட்டது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்.-ஐ பிட்யூட்டரி வெளியிடச் செய்வது அதுதான். 1971-ல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஜி.என்.ஆர்.எச். எல்.எச்.ஆர்.எச். என்றும் அதைச் சொல்வார்கள். சூலகத்தையும் விந்தகத்தையும் இயக்கும் ஹார்மோன்களை ஏவுவது அது. 1973-ல் வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் சொமாட்டோஸ்டாட்டின். 1977-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அத்தனை நுண்ணிய அளவுகளை அளக்க வழி கண்ட ரோசலின் யாலோவும் அதே பரிசின் பங்காளி. அட்ரீனலின் மேலுள்ள ஏவல் குறியான சி.ஆர்.எச். 1981-ல் வைலி வேலின் கையில் சிக்கியது. வளர்ச்சி ஹார்மோனை ஏவும் குறி அடுத்த ஆண்டு, மூளையில் அல்ல, கணையக் கட்டி ஒன்றிலிருந்து கிடைத்தது.

குறி செல்லை வந்தடைந்தபின் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிட்யூட்டரி செல்லுக்குள் ஹார்மோன் சிறுசிறு பைகளில் முன்கூட்டியே கட்டி வைக்கப்பட்டிருக்கும். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியில் குறி வந்து பொருந்தினால் உள்ளே கால்சியம் அயனிகளின் அளவு ஏறும், அல்லது சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப் பொருள் பெருகும். பெரும்பாலும் ஒன்று மற்றொன்றில் போய் முடியும். கால்சியம் ஏறியதும் பைகள் செல்லின் சுவரோடு ஒட்டி, வெடித்து, ஹார்மோனை ரத்தத்தில் கொட்டும். ஜி.என்.ஆர்.எச்., டி.ஆர்.எச். இரண்டும் முதல் வழியில் வேலை செய்பவை. சி.ஆர்.எச். இரண்டாவது வழி. அடக்கும் குறிகள் இதைத் திருப்பிப் போடுகின்றன. சைக்ளிக் ஏ.எம்.பி.-ஐக் குறைத்து, பொட்டாசியம் வாயில்களைத் திறந்து, கால்சியம் நுழையும் வாயில்களை மூடிவிடும். பை நிறைந்தே இருக்கும், வாய் திறக்காது.

இப்போது ஏரி மீனுக்குத் திரும்பலாம். 1930-ல் அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசே, மீனின் பிட்யூட்டரியை எடுத்து இன்னொரு மீனுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளில் பிரேசிலில் அது மீன் வளர்ப்பு முறையாகவே ஆனது. இந்தியாவில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச்.அலிக்குன்ஹியும் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில், நம் பெருங்கெண்டைகளைப் பிட்யூட்டரிச் சாறு செலுத்திக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாள் என்று கொண்டாடுகிறோம். அதுவரை கங்கையிலும் அதன் கிளைகளிலும் வலை போட்டு அள்ளிய குஞ்சுதான் நாடெங்கும் போனது. அதற்குப் பிறகு சந்தையில் மீன்தலையைப் பிளந்து பிட்யூட்டரியை இடுக்கியால் எடுத்து, ஆல்கஹாலில் போட்டு வைத்து, அரைத்துச் சாறாக்கி ஊசி போடுவது பண்ணைகளின் வழக்கமானது. பெருங்களத்தூர் கடையில் இன்று கிலோ கணக்கில் கட்லா கிடைப்பதற்கு அந்த ஒற்றை ஊசி பெரிய காரணம்.

அந்த முறை ஏரி மீனின் சுரப்பியைத் தட்டி எழுப்பவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போனது. தன் சுரப்பி தராத ஹார்மோனை வேறொரு மீனின் சுரப்பி தந்தது. சுரப்பியையே ஏவலாமே, ஜி.என்.ஆர்.எச். கொடுக்கலாமே என்று அடுத்து யோசித்தார்கள். கெண்டை இனங்களில் அது சரியாகப் பலிக்கவில்லை. கனடாவின் ரிச்சர்ட் பீட்டர் தங்கமீனில் செய்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. மீனின் மூளை டோபமைன் என்ற ரசாயனத்தை அனுப்பி அந்தச் செல்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. எவ்வளவு ஏவினாலும் பிடி தளராதவரை ஹார்மோன் வராது. சீனாவின் லின் ஹாவ்ரானும் அவரும் சேர்ந்து ஒரு கலவையை வகுத்தார்கள். ஏவும் ஜி.என்.ஆர்.எச். ஒன்று, டோபமைனைத் தடுக்கும் மருந்து ஒன்று. இருவர் பெயரையும் சேர்த்து 'லின்பே' முறை என்றார்கள். அதன் வணிக வடிவமான ஓவாப்ரிம் இன்று இந்திய மீன் பண்ணைகளில் பரவலாகப் புழங்குகிறது. அதன் ஒரு மில்லிலிட்டரில் சால்மன் ஜி.என்.ஆர்.எச். போன்ற பொருள் 20 மைக்ரோகிராம், டாம்பெரிடோன் 10 மில்லிகிராம். டாம்பெரிடோன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மீனுக்கும் இந்தப் பிடி ஒரே அளவில் இல்லை. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கொடுவா மீனைக் கட்டுப்பாட்டில் முட்டையிட வைத்தது. கொடுவாவுக்கு எல்.எச்.ஆர்.எச். ஊசி மட்டும் போதுமானதாக இருந்தது. டோபமைனின் கடிவாளம் அதில் தளர்வு. கெண்டையில் அது இறுக்கம். ஒரே சுரப்பி, ஒரே ஏவல் குறி. அடக்கும் குறியின் வலிமையில்தான் வேறுபாடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலும்பு மீன்களில் ஹாரிஸ் சொன்ன போர்ட்டல் நாள ஏற்பாடு கிடையாது. மூளையின் நரம்பு இழைகளே பிட்யூட்டரிக்குள் நுழைந்து செல்களின் பக்கத்தில் ரசாயனத்தைக் கொட்டுகின்றன. வழி மாறினாலும் மொழி மாறவில்லை.

மனிதரில் டோபமைன் இறுக்கிப் பிடிக்கும் செல்கள் வேறு. தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினைத் தயாரிக்கும் செல்கள் அவை. மற்றப் பிட்யூட்டரி செல்கள் ஏவினால் சுரக்கும்; இவை விட்டால் சுரக்கும். தங்களுக்குள்ளேயே மின்துடிப்பு எழுப்பி, கால்சியத்தை உள்ளே இழுத்து, ஓயாமல் ஹார்மோனைக் கொட்டும் இயல்புள்ளவை. அதை ஒவ்வொரு நொடியும் தடுத்து வைத்திருப்பது ஹைப்போதலாமஸிலிருந்து இறங்கும் டோபமைன். பிட்யூட்டரியின் காம்பு அறுபட்டால் மற்ற ஹார்மோன்கள் எல்லாம் சரியும், புரோலாக்டின் மட்டும் ஏறும். பிரசவத்துக்குப் பின் குழந்தை மார்பில் வாய் வைத்து உறிஞ்சும்போது நரம்பு வழியே செய்தி போய் அந்த டோபமைன் தணிகிறது, பால் ஊறுகிறது. பால் சுரப்பு ஒரு தடையின் விலகல் என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

சென்னைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 1937-ல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசுவாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். எல்-டோபா உடலுக்குள் போனதும் டோபமைனாக மாறும். பின்னாளில் நடுக்குவாதத்துக்கு அது உலக மருந்தானது. புரோலாக்டினையும் அது இறக்கும். மனநோய் மருந்தான குளோர்புரோமசின் ஏற்றிய புரோலாக்டினில் பூனைக்காலியின் விளைவை மும்பையில் வைத்யாவின் குழு மனிதரிடமே சோதித்து 1978-ல் வெளியிட்டது. எதிர்த் திசையில் போகும் மூலிகையும் நம்மிடம் உண்டு. சர்ப்பகந்தாவிலிருந்து 1952-ல் பிரிக்கப்பட்ட ரெசர்பின் நரம்புகளில் டோபமைனின் இருப்பைக் காலி செய்யும். ரத்த அழுத்தத்துக்காக அதைச் சாப்பிட்ட சில பெண்களுக்கு மார்பில் பால் கசிந்ததற்குக் காரணம் அதுதான். சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கும் ஊர் நம்முடையது. எந்த மூலிகை எந்தச் சுரப்பியைத் தொடுகிறது என்று ஆராய்வதற்குப் பிட்யூட்டரி நல்ல தொடக்கம்.

இனி டாம்பெரிடோன். குமட்டலுக்கும் வயிற்று மந்தத்துக்கும் தரும் மருந்து அது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாக இந்தியா முழுவதும் விற்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமலே 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் ஏராளம். இந்த மருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது என்பதால் பாதுகாப்பானது என்று கருதப்படுகிறது. ஆனால் பிட்யூட்டரி மூளையின் ரத்தத்தடுப்புக்கு வெளியே இருக்கிறது. டாம்பெரிடோன் அங்கே தடையின்றிப் போய், புரோலாக்டின் செல்களின் டோபமைன் ஏற்பியை அடைத்துக்கொள்ளும். கடிவாளம் கழன்றுவிடும். பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப் போகலாம், பிரசவமே ஆகாதவருக்கு மார்பில் பால் கசியலாம், ஆணுக்கு மார்பு வீங்கலாம். கட்லாவை முட்டையிட வைக்கும் அதே மருந்து, அதே ஏற்பி. குழந்தை வேண்டிச் சோதனைக்குப் போகும் ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் புரோலாக்டின் ஏறியிருந்தால், தலைக்கு ஸ்கேன் எடுக்கும் முன் அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும். ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளும் இதே வேலையைச் செய்பவை. தைராய்டு குறைபாட்டிலும் புரோலாக்டின் ஏறும். தைராக்சின் குறைந்தால் மூளை டி.ஆர்.எச்.-ஐக் கூட்டும், டி.ஆர்.எச். புரோலாக்டின் செல்லையும் சேர்த்து ஏவிவிடும். பிட்யூட்டரியில் உண்மையிலேயே புரோலாக்டின் சுரக்கும் கட்டி இருந்தாலும் பெரும்பாலோருக்கு முதல் மருந்து கத்தியல்ல. டோபமைன்போல நடிக்கும் கேபர்கோலின் மாத்திரை கடிவாளத்தைத் திரும்ப மாட்டும்; கட்டியும் சுருங்கும்.

குறியின் அளவு மட்டுமல்ல, தாளமும் செல்லுக்கு முக்கியம். அமெரிக்காவின் எர்ன்ஸ்ட் நாபிலும் அவருடைய குழுவினரும் 1978-ல் வெளியிட்ட குரங்குச் சோதனை இத்துறையின் அழகான சோதனைகளில் ஒன்று. ஹைப்போதலாமஸ் செயலிழந்த குரங்குகளுக்கு மணிக்கு ஒருமுறை, ஆறு நிமிடம் ஜி.என்.ஆர்.எச். செலுத்தினால் பிட்யூட்டரி ஒழுங்காகச் சுரந்தது. அதையே இடைவிடாமல் செலுத்தினால் சுரப்பு அடங்கிப்போனது. விட்டுவிட்டுத் தட்டினால் கதவு திறக்கும், ஓயாமல் தட்டினால் உள்ளே இருப்பவர் காதை மூடிக்கொள்வார். ஏற்பிகள் செல்லுக்குள் இழுக்கப்பட்டு எண்ணிக்கையில் குறைந்துபோவதே காரணம். இந்த அடங்கலைத்தான் மருத்துவம் பயன்படுத்திக்கொண்டது. நீண்ட நாள் செயல்படும் ஜி.என்.ஆர்.எச். ஊசி புராஸ்டேட் புற்றுநோயில் ஆண் ஹார்மோனை வற்ற வைக்கவும், ஏழெட்டு வயதிலேயே பூப்பெய்தத் தொடங்கும் குழந்தைகளின் பருவத்தை நிறுத்தி வைக்கவும் உதவுகிறது. ஏவும் மருந்து அடக்கும் மருந்தாகிறது.

கீழிருந்து ஏறிவரும் அடக்கல் இன்னொன்று. அட்ரீனல் தரும் கார்ட்டிசால் ரத்தத்தில் போதுமான அளவு இருந்தால் மூளையும் பிட்யூட்டரியும் அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். இந்தப் பின்னூட்டம் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சானட்டோரியம் நல்ல பாடம். டேவிட் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் மருத்துவமனை அது. 1937-ல் அரசின் கைக்கு வந்தது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. சிலருக்கு அட்ரீனலையும் அரித்துவிடும். கார்ட்டிசால் இல்லாததால் தடை நீங்கி, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.-ஐக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஹார்மோன் தோலின் நிறமிச் செல்களையும் தூண்டும். உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும். எடை குறைந்து, ரத்த அழுத்தம் தாழ்ந்து, உப்புக்கு நாக்கு ஏங்குகிற ஒருவரின் உள்ளங்கை கறுத்திருந்தால் அது பிட்யூட்டரியின் கூக்குரல். பழுது கீழே. பழுது பிட்யூட்டரியிலேயே இருந்தால் தோல் வெளிறும்.

இதன் மறுபுறம் நம் தெருக்களில் அன்றாடம் நடக்கிறது. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் மாதக்கணக்கில் பிரட்னிசோலோன் சாப்பிட்டால், வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைப் பார்த்து பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.-ஐ நிறுத்திவிடும். அட்ரீனல் சுருங்கும். 'வலிதான் போய்விட்டதே' என்று ஒரே நாளில் மாத்திரையை விட்டால் கார்ட்டிசாலைத் தர யாரும் இல்லை. அடுத்த காய்ச்சலிலேயே மயங்கி விழலாம். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் வலிப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சாப்பிடுபவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

சுரப்பியே இறந்துபோகும் நிலைமையும் உண்டு. பிரசவத்தில் ரத்தம் அதிகம் கொட்டிய பெண்களுக்குப் பிட்யூட்டரி அழிவதை ஹெரால்ட் ஷீஹன் 1937-ல் விரிவாக எழுதினார். கர்ப்பத்தில் பருத்த சுரப்பிக்கு, குறைந்த அழுத்தத்தில் ஓடும் போர்ட்டல் ரத்தம் நின்றால் தாங்காது. ஹாரிஸ் கொண்டாடிய அதே குழாய்கள்தான் இங்கே பலவீனமும். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1987-ல், இதே கேடு கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்கும் வருகிறது என்று பர்மாவில் செய்த ஆய்வு லான்செட்டில் வெளியானது. தென்னிந்தியாவிலும் அப்படிப்பட்ட நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விரியன் நம் புறநகர்ப் புதர்களுக்குப் புதிதல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கும் பாம்புகளில் அதுவும் ஒன்று. கடியிலிருந்து பிழைத்தவர் ஊர் திரும்பி, ஆண்டுகள் கழித்துச் சோர்ந்து, முடி உதிர்ந்து, மாதவிடாய் நின்று வந்தால் யாரும் பழைய பாம்புக்கடியை நினைப்பதில்லை.

தைராய்டு சோதனை என்று டி.எஸ்.எச். மட்டும் பார்க்கும் வழக்கம் இங்கேதான் ஏமாற்றும். டி.எஸ்.எச். பிட்யூட்டரி தரும் ஹார்மோன். தைராய்டு கெட்டால் அது ஏறும், நோய் தெரியும். பிட்யூட்டரியே கெட்டிருந்தால் ஏற வழியில்லை. ரிப்போர்ட்டில் எண் சாதாரணமாகவே நிற்கும், தைராக்சினோ தரை தட்டியிருக்கும். கண்டுபிடித்தாலும் வரிசை முக்கியம். கார்ட்டிசாலை முதலில் கொடுத்துவிட்டுத்தான் தைராக்சின். மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தாலும், விரியன் கடித்துப் பிழைத்திருந்தாலும், எத்தனை ஆண்டு ஆனாலும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். புரோலாக்டின் ஏறியிருப்பதாக ரிப்போர்ட் வந்தால், வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், கேஸ் மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மனநல மருந்து அதில் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரையே கேளுங்கள்.